ஜிடிஐ வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபோக்ஸ்வாகனின் வேகக் காரான கோல்ஃப் ஜிடிஐ பற்றியவை. டர்பனிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்தவற்றோடு, லெனேசியாவிலிருந்து வந்த ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டோம்.

மகனுக்கு 24 வயது. ஜிடிஐ தவிர வேறு வண்டியைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டேன் என்கிறான். எங்கள் கையிருப்புக்கு கோல்ஃப் 5, 6, 7 மூன்றுமே கிடைக்கும்போல் இருக்கிறது. எதை வாங்க, ஐயா? – ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த்

7-ஐ வாங்குங்கள். காசு எட்டவில்லையென்றால், முறையாக சர்வீஸ் செய்த 5. செயின் வேலை முடிந்ததற்கான பில்லைக் கண்ணால் பார்த்தால் மட்டும் 6.

கோல்ஃப் 5-ல் இருப்பது இஏ113 இன்ஜின்: சக்தி 147 கிலோவாட், முறுக்குவிசை 280 நியூட்டன் மீட்டர். உழைக்கிற இன்ஜின்தான், ஆனால் ஒரு சின்ன உதிரிபாகம் அதன் உயிர்நாடி. உயரழுத்த பெட்ரோல் பம்புக்கும் கேம்ஷாஃப்டுக்கும் நடுவே தொப்பி போன்ற ஒரு ஃபாலோயர் இருக்கிறது. அதன் தலையில் உள்ள கறுப்புப் பூச்சு தேயத் தேய நடுவில் வெள்ளி வட்டம் தெரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் ஓட்டை விழுந்து, பம்பின் தண்டு கேம்ஷாஃப்டையே அரைத்துவிடும். பம்பைப் பிடித்திருப்பவை மூன்று டி30 திருகுகள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும், அதாவது 15,000 கி.மீ.க்குள், கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபாலோயரின் விலை அற்பம், கேம்ஷாஃப்ட் அப்படியல்ல. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கும் எழுத்து ஆதாரம் கேளுங்கள்.

6-ல் இன்ஜின் இஏ888, 155 கிலோவாட். பெல்டுக்குப் பதில் செயின். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பழைய வடிவம் பலவீனமானது. அது பிடி தளர்ந்தால் செயின் பற்களைத் தாண்டும், பிஸ்டன் வால்வுகளில் மோதும், இன்ஜின் போய்விடும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். திருத்திய டென்ஷனர் போட்டிருந்தால் பயமில்லை. ஆனால் ‘போட்டாயிற்று’ என்ற வாய்வார்த்தை போதாது.

2013-ல் இங்கே வந்த 7-ல் அதே குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை இன்ஜின்: 162 கிலோவாட், 350 நியூட்டன் மீட்டர். இதன் தீராத குறை வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. சூட்டில் அது நெளிந்து, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே கியர்பாக்ஸ் பக்கமாகக் கூலன்ட் கசியும். இளஞ்சிவப்பு உப்புப் படிவும் தித்திப்பான வாடையும் அதன் அடையாளம். முழுக் கூட்டையும் அதன் சிறு பெல்டோடு சேர்த்து மாற்றுவதுதான் முறை. கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே வேலைக்கு வருவீர்கள்.

எதை வாங்கினாலும், விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். டயர், பிரேக், ஆயில், கியர்பாக்ஸ் சர்வீஸ் எல்லாம் முதல் மூன்று மாதத்தில் வரிசையாக வந்து நிற்கும். இன்னொன்றும் அவசியம் சொல்ல வேண்டும். பிரீமியம் குறையும் என்று இன்சூரன்ஸில் உங்களை வழக்கமான ஓட்டுநராக எழுதிவிட்டு மகனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்தோ திருட்டோ நடந்தால் கிளெயிமை மறுக்க அந்த ஒரு வரி போதும். 25 வயதுக்குக் கீழே பிரீமியமும் எக்செஸும் (கிளெயிமில் நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு) கூடுதலாகத்தான் இருக்கும், டிராக்கரும் கேட்பார்கள். வண்டியின் விலையைப் பேசும் முன்பே இன்சூரன்ஸ் கோட்டேஷனை வாங்கிவிடுங்கள்.

பார்க்கப் போகும் இடத்தில் எதை எதைப் பார்ப்பது? எனக்கு மெக்கானிக் பழக்கம் இல்லை. – வாசகர், பீனிக்ஸ்

‘நான் வரும் வரைக்கும் கிளப்ப வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். மேலே சொன்ன செயின் சத்தமும், ஆயில் எரியும் நீலப் புகையும் குளிர்ந்த இன்ஜினில்தான் வெளிப்படும்.

கூலன்ட் பாட்டிலின் மட்டம், டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இரண்டையும் ஓட்டும் முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) வண்டியானால் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது உதறினாலோ, ரிவர்ஸில் போட்டு நொடிக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தாலோ, மெகட்ரானிக் (கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதி) அல்லது கிளட்ச் வேலை காத்திருக்கிறது. நியூட்ரலில் கேட்கும் லொடலொடப்பு பெரும்பாலும் ஃப்ளைவீலினுடையது.

கம்ப்யூட்டர் ஸ்கேன் செய்யும்போது பிழைக் குறி ஒன்றும் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். ‘ரெடினெஸ்’ சோதனைகள், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்பவை, முடிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். முடியாமல் கிடந்தால் யாரோ அண்மையில்தான் குறிகளை அழித்திருக்கிறார்கள்.

நம் கடலோரத்தில் துருவையும் பார்க்க வேண்டும். கோல்ஃப் 5-ல் முன் ஃபெண்டருக்கும் கதவுத் தூணுக்கும் நடுவே வைத்த பஞ்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். ஃபெண்டரின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதுதான். வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சூடம் காட்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நாளுக்கு முன், ஒருமுறை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தை முழுவதும் பார்த்துவிடுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால், தீர்வுத் தொகைக் கடிதம் வங்கியிடமிருந்து நேரே வரட்டும். ரோட்வர்த்தி (சாலைத் தகுதி) சான்று 60 நாள்தான் செல்லும், உங்கள் பெயருக்கு மாற்ற 21 நாள் கெடு.

‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ (உள்ளது உள்ளபடி) என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பத்து நாளில் கியர்பாக்ஸ் போய்விட்டது. வழியுண்டா? – வாசகி, வெருலம்

விற்றது யார் என்பதைப் பொறுத்தது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம்; ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒற்றைச் சொல்லால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. உடனே எழுத்தில் முறையிடுங்கள், வண்டியை வேறு எங்கும் பிரிக்க விடாதீர்கள். தனிநபரிடம் வாங்கியிருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இங்கே எல்லாரும் 93 ஆக்டேன் பெட்ரோல் போடுகிறார்கள், உயரமான ஊருக்கு அதுவே போதும் என்கிறார்கள். கோல்ஃப் 7 ஜிடிஐக்கும் சரிதானா? – வாசகர், லெனேசியா

சரியில்லை, 95 போடுங்கள். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் குறைந்த காற்றையே இழுக்கும், சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும், ஆகவே 93 தாங்கும். டர்போ அந்தக் குறைவை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழன்று காற்றைத் திணிக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கடலோரத்தில் உள்ளதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, காற்றும் கூடுதலாகச் சூடேறுகிறது. 93 போட்டால் நாக் சென்சார் (கலவை தப்பாக வெடிப்பதை உணரும் கருவி) ஸ்பார்க்கைப் பின்தள்ளி இன்ஜினைக் காப்பாற்றும், ஆனால் இழுவை குறையும், பெட்ரோலும் கூடச் செலவாகும். டிசம்பர் விடுமுறைக்கு டர்பனுக்கு இறங்கும்போது டாங்கில் 93-ஐ வைத்துக்கொண்டு வராதீர்கள்.

கோல்ஃப் 7-க்கு ஸ்டேஜ் 1 போட ஆசை. ‘வ்ர்ர்-ஃபா’ சத்தமும் வேண்டும். என்ன செலவு, என்ன ஆபத்து? – வாசகர், டோங்காட்

தம்பி, முதலில் சத்தத்தை முடித்துவிடுவோம். டிஎஸ்ஜி கியர் மாறும் கணத்தில் முறுக்குவிசையைக் குறைக்க இன்ஜின் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது, எரிந்து முடியாத கலவை எக்ஸாஸ்ட்டில் போய் எரிகிறது. அந்த ‘ஃபா’ அதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அது இருக்கிறது, எக்ஸாஸ்ட்டில் சத்தத்தை அடக்கும் ரெசனேட்டரை எடுத்தால் உரக்கக் கேட்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுக்காதீர்கள். செக் இன்ஜின் விளக்கு பி0420 குறியோடு எரியும், வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும்.

ஸ்டேஜ் 1 என்பது இசியூ (இன்ஜினின் கணினி) மென்பொருள் மாற்றம் மட்டுமே; ‘மேப்’ என்பது அந்த மென்பொருளைத்தான். 162 கிலோவாட் 200-ஐத் தாண்டும், முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டரைக் கடக்கும். இன்ஜின் அதைத் தாங்குகிறது. உங்கள் ஆறு கியர் டிஎஸ்ஜிக்குத்தான் அது கணக்கிட்ட எல்லை. டிசியூவையும் (கியர்பாக்ஸின் கணினி) சேர்த்து மாற்றாவிட்டால், கிளட்ச் பிடிமான அழுத்தம் பழைய அளவிலேயே நின்று தட்டுகள் வழுக்கித் தேயும். ஆகவே இரண்டுக்கும் காசு இருந்தால் செய்யுங்கள், இல்லையேல் சேரும் வரை பொறுங்கள்.

அதற்கு முன்பு முடிக்க வேண்டியவை பல. கூலன்ட் கசிவு இருக்கவே கூடாது. ஆயில் 5.7 லிட்டர், விடபிள்யூ 502 00 தரத்தில். மேப் போட்ட பிறகு 15,000-க்குப் பதில் 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் நான்கு, இடைவெளி 0.7 மி.மீ. சுற்றி, 30 நியூட்டன் மீட்டரில் முடுக்க வேண்டும். இடைவெளி அகலமாக இருந்தால் கூடுதல் பூஸ்டில் பொறி அணைந்து வண்டி திக்கும். பலர் அதைக் காயில் கோளாறு என்று நினைத்துச் சிவப்புக் காயில்களுக்குப் பணம் கொட்டுகிறார்கள். வண்டி 80,000 கி.மீ. தாண்டியிருந்தால் இன்டேக் வால்வுகளில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நேரடி ஊசி முறையில் பெட்ரோல் அந்த வால்வுகளைக் கழுவுவதில்லை. படிந்திருந்தால் வால்நட் ஓட்டுத் தூளைப் பாய்ச்சிச் சுத்தம் செய்வார்கள்.

பிறகு டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடை) மேப் மாற்றும் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கிலோவாட் எண்ணைவிட, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க் எத்தனை பாகை பின்வாங்குகிறது என்ற பதிவு முக்கியம். பிப்ரவரிப் புழுக்கத்தில் இன்டர்கூலர் சூடேறியிருக்கும்போதும் ஓட்டிப் பதிவு எடுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டர் விடாமல் 4 பாகைக்கு மேல் பின்வாங்கினால் அந்த மேப் உங்கள் பெட்ரோலுக்கு ஆகாது. மூல மேப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். வாரண்டி மீதம் இருந்தால், மாற்றிய மென்பொருள் டீலரின் கணினியில் ‘டிடி1’ என்று பதிவாகும், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி கேட்க முடியாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். சொல்லாமல் விடுவதுதான் இந்த மாற்றத்திலேயே பெரிய ஆபத்து.

கோல்ஃப் 7-க்கு 19 அங்குல வீல் போடலாமா? – வாசகர், இசிபிங்கோ

பொருந்தும். ஆனால் நம் சாலைக் குழிகளுக்கு 18 போதும் என்பதே எங்கள் கருத்து. 225/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ. 225/35 ஆர்19-ல் அது 79. அந்த 11 மி.மீ. குறையும்போது குழியின் அடி நேரே ரிம்முக்குப் போகிறது.

எதைப் போட்டாலும் 5 போல்ட், 112 மி.மீ. வட்டம், நடுத்துளை 57.1 மி.மீ. துளை பெரிதாக இருந்தால் வளையம் போடாமல் மாட்டாதீர்கள், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். கம்பெனி வீலின் போல்ட் தலை உருண்டை இருக்கை கொண்டது, வெளி வீல்கள் பெரும்பாலும் கூம்பு இருக்கை. மாற்றிப் போட்டால் பிடி இருப்பதுபோல் தெரியும், இருக்காது. 120 நியூட்டன் மீட்டரில் முடுக்கி, 50 கி.மீ. ஓடியபின் மறுபடி பாருங்கள். 8 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்றால் கம்பெனி 7.5-க்கு 49-ஐவிட 10 மி.மீ. வெளியே நிற்கும், 30 மி.மீ. இறக்கிய ஸ்பிரிங்கோடு நாலு பேர் ஏறினால் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டயர் பள்ளம் சட்டப்படி 1 மி.மீ. இருந்தால் போதும். டர்பன் மழைக்கு 3 மி.மீ. ஆனதுமே மாற்றுங்கள்.

டிஎஸ்ஜி ஆயிலை வீட்டிலேயே மாற்ற முடியுமா? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஆறு கியர் ஈர கிளட்ச் (ஆயிலில் நனைந்து ஓடுவது) வகையென்றால் முடியும். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. வண்டி மட்டமாக நிற்க வேண்டும். மேலே ஃபில்டர் மூடியைத் திறந்து ஃபில்டரை மாற்றுங்கள். கீழே 14 மி.மீ. ஆலன் பிளக்கைக் கழற்றினால் கொஞ்சம்தான் வடியும். உள்ளே உள்ள பிளாஸ்டிக் குழாயை 8 மி.மீ. ஆலனால் கழற்றினால்தான் மீதி வரும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். குழாயை மறுபடி மென்மையாகவே முடுக்குங்கள், 3 நியூட்டன் மீட்டர்தான். 5 லிட்டருக்குச் சற்று மேல் ஊற்றி, இன்ஜினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ஆயில் 35 முதல் 45 பாகை சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிளக் துளையில் மிச்சம் சொட்டுச்சொட்டாக வழிந்தால் மட்டம் சரி. சூட்டை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும், கையால் தொட்டுக் கணிக்காதீர்கள். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது.

போலோ ஜிடிஐ 1.4 மலிவாக வருகிறது. வாங்கலாமா? – வாசகி, ஸ்டேங்கர்

வேண்டாம் அம்மா. சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டும் சேர்ந்த அந்த 132 கிலோவாட் இன்ஜின் ஆயில் குடிப்பதற்கும் பிஸ்டன் உடைவதற்கும் பெயர்போனது, அதோடு வருவது ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. மலிவாக வருவதும் அதனால்தான். போலோதான் வேண்டும் என்றால் அதற்குப் பின் வந்த 1.8-ஐப் பாருங்கள், அதிலும் கையால் மாற்றும் கியர். டிஎஸ்ஜி வகையில் கிளட்சைக் காக்க முறுக்குவிசையை 250 நியூட்டன் மீட்டரில் கட்டிவைத்தார்கள், கைக் கியரில் 320 முழுதாகக் கிடைக்கும்.