கொதிகலனுக்கு முன் வெப்பக் கணக்கு

புதிய பள்ளிக் கட்டடத்தைச் சூடாக்கப் பெரிய கொதிகலனைப் பொறியாளர் பரிந்துரைப்பதாகவும், காற்றோட்டத்துக்குச் சன்னல்களே போதும் என்று கூறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒப்புதல் அளிக்கும் முன் வெப்பக் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள். அமர்ந்திருக்கும் ஒரு மாணவரின் உடலே ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வெளியிடுவதால், 30 பேர் கூடிய அறையில் 2 கிலோவாட் அளவுக்குத் தானாகவே சேர்ந்துவிடுகிறது. நல்ல வெப்பக்காப்பு உள்ள அறையில் அது தேவையின் பெரும்பகுதியை ஈடுசெய்யும், ஆனால் திறந்த சன்னல் வழியே அத்தனையும் போய்விடும். வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றித் தரும் வெப்பமீட்புக் கருவியைக் கேளுங்கள். அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) நெருங்கும்போது கருவியின் விசிறி வேகம் கூடுமாறு, அந்த வாயுவை அளக்கும் உணரியுடன் இணைக்கலாம். விசிறியின் இரைச்சலை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்: கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் கேட்கவில்லை என்றால், யாராவது ஒருவர் கருவியையே அணைத்துவிடுவார்.