காதை விரித்து வந்த யானை

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைக் காரில் போனபோது ஒரு யானை காதை விரித்துப் பிளிறிக்கொண்டு ஓடிவந்து பாதியில் நின்றுவிட்டது, தாக்க வந்ததா மிரட்டியதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மிரட்டல்தான். தும்பிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால்தான் வினை. ஆனாலும் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மிரட்டல் நிஜமாக மாற ஒரு நொடி போதும்.

கன்னம் நனைந்திருந்ததால் மதம் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். ஆப்பிரிக்க யானைகளில் பதற்றம் வந்தால் பெண்ணுக்கும் கன்னத்தில் நீர் வடியும். பின்னங்காலைப் பாருங்கள்: சிறுநீர் சொட்டிச் சொட்டித் தொடையின் உட்புறம் கறுத்து ஈரமாக இருந்தால் அது மதம் பிடித்த ஆண். நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த தடவை தூரத்தில் பார்த்ததுமே நில்லுங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். அது சாலையோடு நடந்து வந்தால் நீங்களும் மெல்ல ரிவர்ஸ் எடுங்கள். பின்னால் வேறு கார் ஒட்டி நிற்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஹாரன் வேண்டவே வேண்டாம். அப்புறம், குட்டியுள்ள கூட்டம் கடக்கும்போது நடுவில் புகாதீர்கள். எல்லாம் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் புதருக்குள்ளிருந்து இன்னொன்று வரும்.