வண்டியின் பிளாஸ்டிக் பேனல் விரிசல் விட்டால் எந்தப் பசையால் ஒட்டலாம்?

வண்டி விழுந்து சைடு டூம் (பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனல்) விரிசல் விட்டிருக்கும், கடையில் செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பசையைப் பற்றி யோசிப்பதற்கு முன் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். கழற்றிக் கழுவி, உள்பக்கம் திருப்பினால் ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP) என்று பிளாஸ்டிக் வகையின் பெயர் சின்னதாக அச்சாகி இருக்கும். அதைப் பார்க்காமல் நான் மூன்று மாதத்தை வீணாக்கினேன்.

போன தை மாதம், மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் பாதி ரோட்டுக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்தது, ஒதுங்கினேன். முன்சக்கரம் நெல்லில் ஏறியதும் வழுக்கிவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு இடது சைடு டூமில் ஒரு சாண் விரிசல், முன் மட்கார்டும் ஓரத்தில் கிழிந்துவிட்டது.

நெல் போட்டவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டு நெல்லும் ரோட்டில்தான் காய்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் திருப்பி அனுப்புகிறார்கள். தைப் பனியில், களமும் இல்லாத ஊரில், நெல்லை எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? ஒரு சிமெண்ட் களம் போட்டுக் கொடுத்தால் எத்தனை பேர் கை கால் உடையாமல் வீடு போய்ச் சேருவார்கள்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பசைக்கு வருகிறேன். முதலில் பெட்டிக்கடையில் விற்கும் ஐந்து ரூபாய் சூப்பர் க்ளூ ட்யூபை ஊற்றினேன். ஒரு நிமிடத்தில் கல் மாதிரி பிடித்தது. நான்காம் நாள் வாய்க்கால் கரையில் போகும்போது ‘டப்’ என்று விட்டுவிட்டது. அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி போல விறைப்பாகிவிடும், எஞ்சின் அதிர்வுக்கு வளைந்து கொடுக்காது. இது தெரியாமல் மூன்று தடவை ஊற்றினேன். அப்புறம் இரண்டு ட்யூப் கலந்து பூசும் எபாக்சி. அது ஒரு மாதம் தாங்கியது, பிறகு ஓரத்தில் உரிந்தது. எபாக்சி மோசம் என்று சொல்லவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் வழவழப்பின் மேலேயே பூசியது என் தவறு.

கடைசியில்தான் உள்ளே திருப்பிப் பார்த்தேன்: ஏபிஎஸ். அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கும் திரவம்) அதைக் கரைக்கும். தஞ்சாவூரில் லேப் கெமிக்கல் கடையில் அரை லிட்டர் வாங்கினேன். மெக்கானிக் கடையில் கிடந்த உடைந்த ஏபிஎஸ் டூமைச் சில்லு சில்லாக நறுக்கி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தேன். காலையில் இட்லி மாவுப் பதத்தில் இருந்தது. டீ குடிக்கும் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிவிடாதீர்கள், கப்பே கரைந்து ஒழுகும். அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் இருக்கவே கூடாது. திண்ணையில் காற்றோட்டமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

விரிசல் முடிகிற இடத்தில் 3 மி.மீ. துளை போட்டேன். போடாவிட்டால் விரிசல் அங்கிருந்து மேலே ஓடும். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, உள்பக்கம் ஆக்ஸா பிளேடால் ‘வி’ மாதிரி கீறி, மாவை நிரப்பினேன். அதன் மேல், கிழிந்த மாவுச் சல்லடையின் எவர்சில்வர் வலையில் ஒரு துண்டு, வலை மறைய இன்னொரு பூச்சு. இரண்டு நாள் தொடவில்லை. சித்திரையில் ஒட்டியது, குறுவை அறுப்பு முடிந்துவிட்டது, மூட்டை ஏற்றி இறக்கியும் அப்படியே இருக்கிறது.

மெக்கானிக் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். புது டூம் மாட்டினால் வேலை சுலபம்தான். இந்த வண்டி அப்பா ஓட்டியது, அந்த நிறம் இப்போது கிடைப்பதில்லை.

மட்கார்டு விஷயம் வேறு. அதில் இதே மாவு காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. ஒரு சில்லை வெட்டித் தண்ணீர் டம்ளரில் போட்டேன், மிதந்தது. ஏபிஎஸ் மூழ்கும், பிபி மிதக்கும். பிபியில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, உருக்கித்தான் சேர்க்க வேண்டும். சால்டரிங் அயர்னால் வலையைச் சூடாக்கி உள்ளே அமுக்கி, அதே மாதிரி பழைய மட்கார்டிலிருந்து வெட்டிய கீற்றை மேலே உருக்கி விட்டேன். மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது, ஆனால் மழைக்காலச் சேற்றிலும் ஆடவில்லை.