தரையில் விழுந்த நத்தைக்குச் சுண்ணாம்பும் வேண்டாம், நீல மருந்தும் வேண்டாம்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மீன் டாங்க் கழுவும்போது மகனுடைய மஞ்சள் ஆப்பிள் நத்தை டைல்ஸ் தரையில் விழுந்துவிட்டதாம். ஓட்டின் வாயோரம் உடைந்து, முதுகில் பட்டாணி அளவு ஓட்டை, உள்ளே சதை தெரிகிறது. கடைக்காரர் ஒரு நீலப் போத்தலைக் கொடுத்து தினம் பத்துச் சொட்டு விடச் சொல்லியிருக்கிறார், அம்மம்மா வெற்றிலைச் சுண்ணாம்பு போடச் சொல்கிறார், இவரோ இரண்டு நாள் சொட்டு விட்டுவிட்டார். உடைந்த இடத்தை ஒட்டலாமா என்றும் கேட்கிறார்.

முதலில் அந்தப் போத்தலை மூடி வையுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் விடும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கும். மீன் தாங்கும் அளவு செம்பே நத்தையைக் கொன்றுவிடும். நீலமாக இருப்பதெல்லாம் செம்பு இல்லை, மெத்திலீன் நீலமும் அதே நிறம்தான், ஆனால் லேபல் இல்லாத போத்தலில் இருப்பது எது என்று நீங்களும் நானும் எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய கலனில் வாங்கிச் சின்னப் போத்தலில் ஊற்றி விற்கிறார்கள், கேட்டால் 'எல்லாத்துக்கும் நல்லம்' என்கிறார்கள். இதை யார் பார்க்கிறார்கள்? மிருக வைத்தியரிடம் போனாலும் நாய், பூனையைத் தாண்டி நத்தை என்றதும் சிரிப்புத்தான் பதில்.

ஆகவே இன்றைக்கே நத்தையை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சவர்க்காரம் படாத பிளாஸ்டிக் பெட்டி போதும், குளோரின் நீக்கும் சொட்டு விட்ட தண்ணீர் இரண்டு மூன்று அங்குலம். இந்த நத்தை மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும், ஆழமான தண்ணீரில் அடிபட்டதை ஏறவைக்க வேண்டாம். மூடி கட்டாயம், இல்லையென்றால் ஏறிவந்து இன்னொரு தடவை விழும்.

சரி, ஓடு. நத்தையின் ஓடு உண்டாவது உள்ளே இருக்கும் மெல்லிய போர்வைத் தோலால். அந்தத் தோல் வாயோரத்தில்தான் புது ஓடு வளர்த்துக்கொண்டு போகிறது, அதனால் வாயோர உடைவு தானாகவே சரியாகும், ஒன்றும் செய்யாதீர்கள். முதுகு ஓட்டைக்கும், தோல் கிழியாமல் இருந்தால் உள்பக்கமிருந்து மெல்லிய படலம் போட்டு அடைத்துவிடும். தழும்பு போகாது, நிறமும் ஒத்துவராது.

ஒட்டலாமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் வேண்டாம். வெறும் கீறல் என்றால் வேண்டவே வேண்டாம். உங்கள் நத்தைக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சதை வெளியே தெரிகிறது: அவித்துக் காயவைத்த முட்டைக் கோதில் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு எடுங்கள். அந்த ஓட்டையைச் சுற்றிலும் டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், சதை ஈரமாகவே இருக்கட்டும். ஜெல் வகை சுப்பர் க்ளூவை, தண்ணீராய் ஓடும் வகை இல்லை, துண்டின் விளிம்பில் மட்டும் மெல்லிசாகப் பூசி மேலே வையுங்கள். சதையில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. பட்டால் அந்த இடம் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நத்தை உள்ளே இழுக்கும்போது தன்னையே கிழித்துக்கொள்ளும், நான் ஒரு நத்தையை அப்படித்தான் இழந்தேன். கை நடுங்கும் என்றால் ஒட்டாமலே விடுங்கள். பத்து நிமிடம் வெளியே இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

மிச்ச வேலையெல்லாம் தண்ணீரில்தான். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது, மழைத் தண்ணீர் மாதிரி மென்மையானது, கல்சியம் குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, நத்தைக்கு அந்தத் தண்ணீர்தான் சொர்க்கம். இங்கே நாம்தான் கல்சியத்தைச் சேர்க்க வேண்டும். அம்மம்மா சொன்னதில் பாதி சரி, ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு காரம், தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஒரேயடியாக ஏறி நத்தையைச் சுட்டுவிடும்.

கணவாய் ஓடு போடுங்கள். சந்தையில் கணவாய் வெட்டுபவர் எறிந்துவிடும் வெள்ளை ஓட்டைக் கேட்டு வாங்கி, உப்புப் போகக் கழுவி, கொதிக்கவைத்துக் காயவைத்து ஒரு துண்டு போட்டால் போதும். இதையே பறவைக்கு என்று பொதி கட்டிக் கொள்ளை விலைக்கு விற்பார்கள், ஏமாறாதீர்கள். கண்ணாடித் தகடு மாதிரி வளையும் ஓடு இன்னொரு வகைக் கணவாயுடையது, அதில் கல்சியம் இல்லை. பவளத்தூள் வேண்டாம், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. பிஎச் 7க்குக் கீழே இறங்காமல் பாருங்கள், அமிலத் தண்ணீர் ஓட்டைக் கரைக்கும். அவித்த போஞ்சி கொடுங்கள், மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் நத்தை தன் ஓட்டின் வாயை மூடும் கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் கிடந்தாலும் பையனிடம் செத்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். எடுத்து மணந்து பாருங்கள். செத்த நத்தையின் நாற்றம் வீட்டையே காலிசெய்ய வைக்கும், சந்தேகமே வராது. அப்படி நாறவில்லை என்றால் திரும்பவும் தண்ணீரில் விட்டு, அதன் பாட்டில் இருக்க விடுங்கள்.