கொட்டிலுக்கடியில் நரி: கூண்டு வைக்காதீர்கள்

அண்ணா, லண்டன் வீட்டுத் தோட்டக் கொட்டிலுக்கடியில் நரி குடியேறிவிட்டது, கூண்டு வைத்துப் பிடித்து எப்பிங் காட்டில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். கூண்டில் அகப்பட்ட நொடியிலிருந்து, 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. பழகாத காட்டில் விட்டால் அங்குள்ள நரிகள் துரத்தும், இரை எங்கே கிடைக்கும் என்றும் அதற்குத் தெரியாது. உங்கள் தோட்டத்துக்கோ வேறொன்று வந்துவிடும்.

கூண்டில் மாட்டிய ஒன்றை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். கம்பியைக் கடித்துக் கடித்து ஈறெல்லாம் இரத்தம். மடியில் பால் கட்டியிருந்தது. மார்ச், ஏப்ரல் குட்டி போடும் காலம். தாயைப் பிடித்துவிட்டால் குட்டிகள் கொட்டிலுக்கடியிலேயே பட்டினியில் சாகும்.

குட்டிகள் வளர்ந்து வெளியேறும்வரை பொறுங்கள். பிறகு பொந்து வாயில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி வையுங்கள். நாலைந்து நாள் கலையாமல் கிடந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அதன்பின் கொட்டிலைச் சுற்றி கெட்டியான கம்பிவலையை ஓரடி ஆழம் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். தோண்ட வந்தால் நகத்தில் வலைதான் தட்டும். குப்பைப் பையை இரவில் வெளியே வைக்காதீர்கள், காலையில் வையுங்கள்.