வேக்சர்ஃபிங்கில் கயிற்றை விட்டதும் பின்தங்குவது: ஃபின்னை விட போர்டுதான் காரணம்

வேக்சர்ஃபிங், அதாவது படகின் கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு கயிற்றை விட்டுவிட்டு படகு எழுப்பும் அலையில் போர்டில் சறுக்குவது, அதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: 85 கிலோ எடை, நாலரை அடி ஸ்கிம் போர்டு, கயிற்றை விட்ட சில நொடிகளில் அலை கைநழுவிப் போகிறது, பெரிய ஃபின் (போர்டின் அடியில் இருக்கும் துடுப்பு) வாங்கலாமா என்று. வாங்காதீர்கள். பெரிய ஃபின் பிடிமானம் தரும், வேகம் தராது. சொல்லப்போனால் தண்ணீரில் இழுவை கொஞ்சம் கூடும்.

உங்கள் எடைக்கு அந்த போர்டு சிறியது. ஸ்கிம் வகை மெல்லியது, மிதக்கும் திறன் குறைவு. வழுக்கிச் சுழல்வதற்கென்றே செய்தது. உங்களுக்கு இப்போது தேவை ஐந்தடியை ஒட்டிய, தடிமனான சர்ஃப் வகை போர்டு. பின்தங்கினாலும் காலால் பம்ப் செய்து, அதாவது போர்டை அழுத்தி அழுத்தி வேகம் எடுத்து, அலைக்குள் திரும்பி வர அதுதான் இடம் கொடுக்கும். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. முன்கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எடை பின்காலில் தங்கினால் போர்டின் மூக்கு தூக்கும், அது பிரேக் போட்ட மாதிரி. முன்காலை நாலு விரற்கடை முன்னே நகர்த்தி, முழங்காலை மடக்கி, எடையை அதன்மேல் கொண்டுவாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

ஃபின் விஷயத்துக்கு வருவோம். புது போர்டில் மூன்று ஃபின்னோடு தொடங்குங்கள், நேராகப் போகும். அப்புறம் 360, அதாவது போர்டோடு ஒரு முழுச் சுற்று, சுற்றப் பழகும்போது நடு ஃபின்னைக் கழற்றிவிடுங்கள். வால் லேசாக வழுக்க ஆரம்பிக்கும். பழைய ஸ்கிம் போர்டை விற்றுவிடாதீர்கள், அப்போது தேவைப்படும்.