‘மொத்தத் தகவலும்’ என்றால் எத்தனை பேர்?

கேள்வி: ஈசூனில் பதினோர் ஆண்டுகளாகத் துணைப்பாட நிலையம் நடத்துகிறேன். மாணவர்கள் 340 பேர். அண்ணன் மகனைப் படிக்க வைத்து, நிலையத்தின் நிர்வாகியாகவும் அமர்த்தினேன். வேலை ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. மார்ச் மாதம் விலகிய அவர், இரண்டு புளோக் தள்ளிச் சொந்தமாக ஒரு நிலையம் தொடங்கி, எங்கள் பெற்றோர்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்புகிறார். எங்கள் மொத்தத் தகவலையும் மடிக்கணினியில் எடுத்துச் சென்றுவிட்டார். இப்போது ஜூன் ஆகிவிட்டது. அவர்மீது வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அண்ணன் மகனின் நன்றிகெட்ட குணத்தைப் பற்றியது. அதை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. சட்டத்துக்கு வேண்டியது ‘மொத்தத் தகவலும்’ என்ற சொற்கள் மட்டுமே. அவை அவரைவிட முதலில் உங்களைத்தான் சிக்க வைக்கும்.

தகவல் கசிவு 500 அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தொட்டால், அது அறிவிக்கப்பட வேண்டிய கசிவு என்று முடிவுசெய்த மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2021 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது. முடிவு செய்யாமலே நாள் கடத்தினால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பொதுவாக 30 நாள்களுக்குள் மதிப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். நீங்களோ மூன்று மாதங்களைக் கடந்துவிட்டீர்கள். எனவே, எத்தனை பேருடைய விவரங்கள் போயின என்பதே இங்குள்ள முதல் கேள்வி. எந்த விவரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறைகூடக் கணக்கெடுக்காததால் அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

மாணவர்கள் 340 பேர்தாம் என்கிறீர்கள். அது இன்று வகுப்பில் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கை. பெற்றோர் தனித்தனி ஆள்கள். படித்து முடித்துப் போனவர்களும், இலவச வகுப்புக்கு ஒருமுறை வந்து எண்ணை எழுதிக் கொடுத்தவர்களும் அந்தக் கோப்பிலேயே இருப்பார்கள். எக்செல் கோப்பு, கூகல் டிரைவ், ஆசிரியர்களின் சொந்தக் கைத்தொலைபேசியில் ஓடும் வகுப்புக் குழுக்கள், அலமாரியில் அடுக்கிய சேர்க்கைப் படிவங்கள் என ஒவ்வோர் இடத்திலும் யாருடைய விவரம், எதற்காகப் பெறப்பட்டது, யாரால் திறக்க முடியும், இன்னும் வைத்திருக்கக் காரணம் உண்டா என்று எழுதி, அந்தப் பட்டியலில் இன்றைய தேதியையே இடுங்கள். அடையாள அட்டை நகல்கள் அகப்பட்டால் அவற்றையும் மறைக்காமல் சேருங்கள்.

ஆசிரியர்களின் சம்பளக் கோப்பும் அந்த மடிக்கணினியில் இருந்ததா என்று தனியாகப் பாருங்கள். முழுப் பெயரோடு சம்பளத் தொகையும் கசிவது, கணிசமான தீங்கு விளைவிக்கும் கசிவாகவே விதிகளில் கருதப்படுகிறது. அப்படியானால் 500 என்ற கணக்கே வேண்டாம், ஒருவருடைய விவரம் போனாலே போதும். ஆணையத்தோடு அந்த ஆசிரியர்களுக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

இனி, என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழியைச் சொல்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எதிராளிக்கு வழக்கறிஞர் கடிதம் போகும். இழப்பைப் பெரிதாகக் காட்ட, ‘3,000 வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திருடினீர்’ என்று அதில் எழுதியிருப்பார்கள். சில வாரம் கழித்து ஆணையம் விசாரிக்கும்போது, ‘நானூறு பேருக்கு மேல் இராது’ என்பார்கள். அந்தக் கடிதத்தை எதிராளியே ஆணையத்திடம் நீட்டுவார். நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு வந்த எண்ணை மறுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இன்னும் சிலர் அச்சத்தில் பழைய கோப்புகளை அழித்துவிட்டு, சென்ற ஆண்டுத் தேதியிட்டு ஒரு பட்டியல் தயாரித்துக் கொண்டுவருவார்கள். கோப்பு உருவான நாளைக் கணினியே காட்டிக் கொடுக்கும். கவனக்குறைவாக இருந்த விவகாரம் அன்றோடு பொய் சொன்ன குற்றமாக மாறும். வைத்திருக்கக் காரணமில்லாத விவரங்களை அழிக்கத்தான் வேண்டும், ஆனால் இந்த விவகாரம் முடியும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரும் உரிமை விவரத்துக்கு உரியவரான பெற்றோருக்கே உண்டு, உங்களுக்கு இல்லை. மன உளைச்சலும் இழப்பாகும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருப்பதால், அவர்கள் உங்களை நோக்கியும் திரும்பலாம். வேலை ஒப்பந்தத்தில் இரகசியக் காப்புப் பிரிவு இருந்தால் உங்களுக்கு ஒரு வழி உண்டு, ஆனால் நீங்கள் அவருக்கு ஒப்பந்தமே எழுதித் தரவில்லை. பொதுவான இரகசியக் காப்புக் கடமையைக் காட்டி வழக்காடலாம்தான். ஆகும் செலவு, போன மாணவர்களின் கட்டணத்தை விழுங்கிவிடும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். எந்தெந்தக் கோப்பை எடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எப்போது அழித்தார் என்று அவர் சட்டபூர்வ உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரட்டும். உங்களுக்கு வேண்டிய எண்ணிக்கை அதிலிருந்தே கிடைக்கும். பதிலுக்கு நீங்கள் இழப்பீடு கேட்பதை விட்டுவிடுங்கள். ஆனால் ‘ஆணையத்திடம் யாரும் போகக்கூடாது’ என்ற வரியை அந்த உடன்படிக்கையில் சேர்க்காதீர்கள். அவரோடு நீங்கள் சமாதானமானாலும் அறிவிக்க வேண்டிய உங்கள் கடமை அப்படியே இருக்கும். பட்டியலை இந்த வாரமே முடியுங்கள். எண் 500-ஐ எட்டினால், அவருடைய பத்திரத்துக்குக் காத்திராமல் அறிவித்துவிடுங்கள்.